சின்னப்பனும் சென்னப்பனும்

பென்னாகரத்தில் சந்திரமோகன் நடத்தும் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஒரு இணையதளம் செய்து கொடுத்திருந்தாள் பிளசி. கல்யாணமோ காதுகுத்தோ இரங்கலோ, பெயரைத் தட்டினால் போதும். அந்தப் பெயரிலிருந்தே ஓர் இணைய முகவரி உருவாகும், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி வேலை பார்த்துக்கொண்டே எழுதியது. ஊரில் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள்.

முகவரியில் கமா, அடைப்புக்குறி போன்றவை வரக்கூடாது என்பதால், எழுத்தல்லாத எல்லாவற்றையும் நீக்கும்படி நிரலில் ஒரு வரி எழுதியிருந்தாள். தமிழின் கொம்பும் காலும் புள்ளியும் கணினிக்குத் தனித்தனிக் குறிகள். அந்த வரி அவற்றை எழுத்தாக எண்ணவில்லை. சோதித்துப் பார்த்தபோது ‘பானுமதி’ என்பது ‘பனமத’ என்று வந்தது. அவள் அதைக் கவனித்தாள். முகவரியை யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

மாசியில் ஒருநாள் விடியற்காலை, பிளசியின் தேவாலயப் பங்கைச் சேர்ந்த சின்னப்பன் இறந்துபோனார். மகள் சகாயராணி ஸ்டூடியோவில் சொல்லி இரங்கல் அறிவிப்பைப் போட வைத்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். சாயங்காலம் அடக்கம். பெங்களூரில் இருந்த அத்தை வேளாங்கண்ணிக்கும் அனுப்பியாயிற்று. சாவு வீட்டுக் களேபரத்தில் மற்றவர் பேசியிருப்பார் என்று நினைத்து ஒருவரும் போன் செய்யவில்லை.

வேளாங்கண்ணி அதை மதியம்தான் திறந்தார். யாரோ சென்னப்பன் என்பவரின் புதுமனை புகுவிழா அழைப்பிதழ் வந்தது. தவறி வந்திருக்கும் என்று போனை வைத்துவிட்டார். தம்பி போன செய்தி மறுநாள்தான் தெரிந்தது. வந்து சேர்ந்தபோது கல்லறைமேல் போட்ட மாலைகள் வாடிக் கிடந்தன.

சகாயராணி ஸ்டூடியோவுக்குப் போய் வாடிக்கையாளர்கள் முன்னிலையில் சந்திரமோகனைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டாள். அவர் பிளசிக்குப் போன் செய்தார்.

“நீங்க மாத்திப் போட்டிருப்பீங்கண்ணா. நம்ம சைட்டு அப்படிப் பண்ணாது” என்றாள் பிளசி, பார்க்காமலேயே.

“இருக்கும்மா. அன்னிக்குக் கூட்டம் வேற” என்றார் அவர்.

போனை வைத்த பிறகுதான் பார்த்தாள். சின்னப்பனும் சென்னப்பனும் ‘சனனபபன’ என்ற ஒரே முகவரியில் இருந்தார்கள். பின்னால் வந்த அழைப்பிதழ் முன்னால் இருந்த இரங்கலை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தது.

திருத்துவது சுலபமாக இருந்தது. குறிகளையும் எழுத்தோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். ஒரே பெயர் மறுபடி வந்தால் பின்னால் எண் சேரும்படி செய்தாள். ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. அதுதான் அவளை அதிகம் கூசவைத்தது. தாய்மொழி தெரிந்த தன் கண்ணாலேயே ‘பனமத’வைப் பார்த்துவிட்டுப் போனவள் அவள். போதாததற்கு அந்த மனுஷனைத் தன் பழியைச் சுமக்க வைத்துவிட்டாள்.

முதலில் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சொன்னாள். அவங்க வூட்டுல போய்ச் சொல்லிடு என்று மட்டும் சொன்னார் சந்திரமோகன்.

வேளாங்கண்ணி இன்னும் ஊருக்குத் திரும்பாமல் சின்னப்பன் வீட்டிலேயே இருந்தார். பிளசி நின்றபடியே சொன்னாள். ஸ்டூடியோக்காரர்மேல் தப்பில்லை, தான் எழுதியதில்தான் தப்பு, பார்த்தும் திருத்தாமல் விட்டுவிட்டதாகச் சொன்னாள். கணினி, குறி என்று விளக்கத் தொடங்கி, அது சாக்குச் சொல்வதுபோல் காதில் விழவே நிறுத்திவிட்டாள்.

“பார்த்தியா நீயி? பார்த்துட்டுமா வுட்ட?” என்று கேட்டார் வேளாங்கண்ணி.

“ஆமாங்கம்மா.”

அவர் திட்டவில்லை. தம்பி கடைசியாக எப்படி இருந்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், இவளிடமும் கேட்டார். அடக்கத்துக்குப் போனாயா, முகம் எப்படி இருந்தது என்றார். அன்றைக்கு மீட்டிங் இருந்ததால் பிளசி போகவில்லை. அதையும் சொல்ல வேண்டியிருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குத் தானே அறிவிப்புப் போட்டு, ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்வதாகச் சகாயராணியிடம் கெஞ்சினாள். சகாயராணி அவள் முகத்தைப் பார்க்காமல், “வேணாங்க. நாங்களே சொல்லிக்கறோம்” என்றாள்.

நேற்றுவரை அவளை வா, போ என்று கூப்பிட்டவள். அந்த ‘ங்க’வோடு பிளசி வீடு வந்து சேர்ந்தாள்.