வைக்கோல் பீப்பா

மேனுகா கொட்டில் கதவைத் தள்ளியபோது ஆர்த்திகா நீலப் பீப்பாவை மறித்துக்கொண்டு நின்றாள். வாசலில் மேனுகாவோடு வந்த மாதர் சங்கத்துப் பெண்கள் பதினொரு பேர், கசிப்பு என்னும் கள்ளச்சாராயத்தை ஊரில் ஒழிக்கக் கிளம்பியவர்கள். முன்னால் சங்கத் தலைவி சின்னத்தங்கம், ஆர்த்திகாவின் அம்மா.

“ஊரில எல்லார்ட கசிப்புப் பீப்பாவையும் கொட்டினீங்க, அக்கா. உங்கட வீட்டுப் பீப்பா மட்டும் நுரைக்கலாமோ?” என்றாள் மேனுகா.

“இது கசிப்பில்ல,” என்றாள் ஆர்த்திகா. “வைக்கோலில இருந்து சீனி எடுத்துப் புளிக்க வச்சிருக்கன். இதில வாற அமிலத்தால, மண்ணில உக்கிப்போற பிளாஸ்டிக் செய்யலாம்.”

“வைக்கோல்ல பிளாஸ்டிக்கோ! மறுகா மாடு என்னத்தத் தின்னுற?”

பெண்கள் சிரித்தார்கள். ஆர்த்திகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளாமை வெட்டியதும் வயல் வட்டையில் எரித்துவிடும் வைக்கோல் அது. அதை அவித்து, நொதியமிட்டு, பற்றீரியா வளர்த்து நான்கு மாதம். மூன்று முறை கெட்டு, நாலாவதாகச் சரிவந்த பீப்பா. வெள்ளிக்கிழமை கொழும்புக் கம்பனிக்கு மாதிரி அனுப்ப வேண்டும்.

இரண்டு கிழமையாகப் பீப்பா நுரைக்கும் சத்தம் அம்மாவின் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. ஒன்றும் விசாரிக்கவில்லை. அப்பாவைக் கசிப்புக்குக் கொடுத்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

“தள்ளு, மகள்,” என்றாள் அம்மா. “கசிப்பெண்டா நானே கொட்டுவன்.”

மூடியைத் திறந்தால் வேறு கிருமி விழுந்துவிடும். ஆர்த்திகா பீப்பாவின் அடியிலிருந்த குழாயில் ஒரு கோப்பை பிடித்து நீட்டினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மணந்து பார்த்தாள். அப்பாவின் தலையணையிலும் சட்டையிலும் கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அவள் மணந்த மணத்தைத் தேடினாள்.

“தயிர்,” என்றாள். மறுபடியும் மணந்தாள். “தயிர்ப் புளிப்பு. அந்த மணம் துளியுமில்ல.”

“தாய்க்கு மகள்ட எல்லாம் தயிர்தான்!” என்றாள் மேனுகா.

அம்மா கோப்பையை மேனுகாவின் மூக்கடிக்குக் கொண்டுபோனாள். “பதினெட்டு வருசம் அதோட படுத்தெழும்பினவள்கா நான். இப்ப உன்ட மூக்கு என்ன சொல்லுது?”

மேனுகாவின் முகம் சுளித்தது. “புளிக்குதுதான்... மறுகா ஏன் நுரைக்குது?”

“வாவியில பொறுக்கின மட்டிச் சிப்பிய இடிச்சுப் போட்டிருக்கன். அமிலம் பட்டா நுரைக்கும்,” என்றாள் ஆர்த்திகா.

கோப்பை கை மாறியது. ஒவ்வொருத்தியாக மணந்தார்கள். கடைசியில் நின்றவளிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு அம்மா விறுவிறுவென்று வேலிப் படலையைத் தாண்டித் தெருவுக்குப் போனாள். வேடிக்கை பார்க்க ஓட்டோவை நிறுத்தியிருந்தவன் மிரண்டுபோய் இறங்கினான்.

“தம்பி, இஞ்ச வா. இத மணந்து பாரு,” என்றாள் அம்மா, நடுத்தெருவில், இரண்டு கையாலும் கோப்பையை ஏந்திக்கொண்டு. “என்ட மகள் செஞ்சது.”