நாஜியா வீட்டு ஃப்ரிட்ஜில் லிங்கன்பெர்ரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது அல்ல. சிவகாசியில் ஒரு டி.டி.பி. சென்டரில் டைப் அடிக்கும் நாஜியாவுடையது. அவளிடம் கேட்டு நான் எழுதுகிறேன். எழுதியதை அடித்துத் தருபவளும் அவளேதான். ஆகவே இஷ்டத்துக்கு அளந்துவிட வழியில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

நாரணாபுரம் பட்டாசு ஆலைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டபோது நாஜியா சமையலறையில்—

கோடு போட்டு அடித்துவிட்டேன். எங்கள் ஊர்க் கதை என்றால் ஏதாவது வெடித்தே ஆகவேண்டும் என்று வெளியூர்ப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு ஆசை. இதில் ஒன்றும் வெடிக்காது. ஒரு விதை முளைக்குமா என்பதுதான் சங்கதி.

2

2006 ஆகஸ்ட். நாஜியாவின் அண்ணன் முகம்மது ரியாஸ் நார்வேயில் ஒரு மீன் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தான். ஊருக்கு வந்த சிநேகிதனிடம் ஒரு பொட்டலம் விதை கொடுத்துவிட்டான். லிங்கன்பெர்ரி. அங்கே காட்டில் தானாகக் கிடக்கிற செடி. குண்டுமணி அளவில் சிவப்புப் பழம், நல்ல புளிப்பு. கூடவே ஒரு சீட்டு: மூன்று மாதம் ஈரத்தோடு குளிரில் கிடந்தால்தான் முளைக்கும், ஃப்ரிட்ஜில் வை.

குளிர்காலம் வந்துபோனதாக விதை நம்பவேண்டுமாம். எங்கள் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று வந்தால் நாங்களே நம்பமாட்டோம்.

தேங்காய் நார்த்தூளை நனைத்து, விதையைக் கலந்து, ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள் நாஜியா. அவள் அம்மா கைருன்னிசாவுக்குக் கோபம். "மாவுச்சட்டி வைக்க எடமில்ல, இங்கன மண்ணக் கொண்டாந்து வச்சிருக்கா பாரு!"

நாள் எண்ண, எங்கள் காலண்டர் கம்பெனி வேஸ்ட் கட்டிலிருந்து ஒரு தினசரி காலண்டரை எடுத்து ஃப்ரிட்ஜ் பக்கத்தில் மாட்டினாள். அடுத்த வருடத்துக் காலண்டர்.* தினம் ஒரு தாள் கிழிப்பது, மார்ச் 31 தாள் வந்தால் தொண்ணூறு நாள்.

[* ஆடியிலேயே அடுத்த வருடத்தை அடித்து முடிக்கிற ஊர் இது. பைண்டிங்கில் கழித்த காலண்டர் இல்லாத வீடு இங்கே கிடையாது. பால் கணக்கு, கோலம், என் கதைகள் எல்லாம் அதன் முதுகில்தான்.]

3

இந்த இடத்தில் ரியாஸைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி எழுதி, கிழித்தேன். அவன் போனில் சொன்னதே போதும். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை:

"மதியம் மூணு மணிக்கே இருட்டிருது நாஜி. தூக்கம் வரல. சோறு எறங்கல. அந்த வெதை நம்மூரு வெக்கையில பிழைச்சிருச்சுன்னா, இங்கன நானும் பிழைச்சுக்கிருவேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். முளைச்சிருச்சா?"

மார்ச் 31 தாள் வந்து, டப்பாவிலிருந்து எடுத்துத் தொட்டியில் தூவி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒன்றுமில்லை. அண்ணன் குரலில் என்னமோ கேட்டது அவளுக்கு. பயந்துபோனாள்.

"முளைச்சிருச்சுண்ணே. ரெண்டு எலை."

அடுத்த வெள்ளி அவன் போட்டோ கேட்டான்.

4

இனி நான் கதைக்குள் வருகிறேன். நல்லவனாக வரவில்லை.

"உனக்குத் தெரியாத போட்டோஷாப்பா? சாமி படத்துக்கே கன்னத்துல செவப்பு ஏத்துற ஊரு. ரெண்டு எலை ஒட்ட முடியாதா?" என்றேன்.

ஒட்டினாள். பிரமாதமாக வந்தது. அனுப்பாமல் மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முடியல சார். நம்பிக்கிட்டு இருக்கிறது எங்கண்ணனாச்சே" என்று அழித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் இந்தக் கதையின் இரண்டாவது தொடக்கத்தை எழுத உட்கார்ந்தேன். என் மேசையில் கிடந்ததும் அதே வேஸ்ட் கட்டிலிருந்து வந்த இன்னொரு காலண்டர். தாளைப் புரட்டினால் ஜனவரி 31-க்கு அடுத்தது மார்ச் 1. பிப்ரவரியே கிடையாது. அதனால்தானே கழித்துப் போட்டிருக்கிறார்கள்!

அவள் எண்ணியது தொண்ணூறு அல்ல, அறுபத்திரண்டு.

தினமும் கிழித்தவளுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நாள் முழுக்கத் தேதி அடிக்கிறவர்கள் வீட்டில் தேதி பார்ப்பதில்லை. காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கும் நானே ஒருதரம் ஜூன் 31-க்குச் சரி போட்டு அனுப்பியவன்.

ஓட்டமாகப் போய்ச் சொன்னேன். தொட்டியைப் பாலிதீன் பையில் கட்டி அப்படியே ஃப்ரிட்ஜில் ஏற்றினோம். மாவுச்சட்டி வெளியே வந்தது. கைருன்னிசாம்மா என்னை முறைத்தார்.

5

டிசம்பர் முதல் வெள்ளி. போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், கதைக்காக. (அற்பத்தனம்தான்.)

"அண்ணே, பொய் சொல்லிட்டேன். ஒண்ணும் முளைக்கல. காலண்டர்ல பிப்ரவரி இல்ல, நான் பாக்கல. இன்னும் ஒரு மாசம் குளிர்ல இருக்கணும்." சொல்லிவிட்டு அழுதாள்.

கைருன்னிசாம்மா போன் பக்கம் நகர்ந்து வந்தார்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அடக்கமுடியாத சிரிப்பு. "சிவகாசிக்காரிக்கே ஒரு மாசம் காணாமப் போச்சாக்கும்! உலகத்துக்கே நாள் கிழிச்சுக் குடுக்கிற ஊரு..." சிரித்து, இருமி, மூக்கைச் சிந்தினான். "சரித்தா, ஃப்ரிட்ஜிலயே வையி. வெதைக்கு ஒரு மாசம்னா எனக்கும் ஒரு மாசம். இருந்து பாக்கேன்."

கைருன்னிசாம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சிரிக்கிறாண்டி" என்றார். அப்பாடா என்று இருந்தது. எனக்கு அதோடு கதை முடிந்துவிட்டது. செடிக்குத்தான் முடியவில்லை.

பிப்ரவரி எட்டாம் தேதி முளைத்தது. கற்பனையாக இருந்தால் அந்த மாதத்தை மாற்றியிருப்பேன், யாரும் நம்பமாட்டார்கள். இரண்டே இரண்டு முளை, கடுகை விடச் சின்ன இலை. இந்த முறை போட்டோ போனது. இப்போது தொட்டி இருப்பது சென்டரின் ஏ.சி. அறையில், டியூப்லைட்டுக்கு அடியில், நாஜியாவின் மானிட்டர் பக்கத்தில். ரியாஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறான். சோறு இறங்குகிறதாம்.

6

மூன்று முடிவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) மே மாதம். கரண்ட் போய் ஏ.சி. நின்ற ஒரு மதியம்

(ஆ)

(இ)

[சார், மன்னிச்சுக்கோங்க. நீங்க எழுதுன மொத முடிவ பாதி வரியோட நிறுத்திட்டேன், மத்த ரெண்டையும் அடிக்கவே இல்ல. மொதல்ல உள்ளதுல செடி செத்துப்போகுது, மத்த ரெண்டுல பழம் பழுக்குது. ரெண்டும் இன்னும் நடக்கல. வேற முடிவு வேணும்னா வாசிக்கிறவுக போட்டுக்கிடட்டும். இன்னிக்குக் காலையில அஞ்சாவது எலை விட்டிருக்கு, அத மட்டும் போடுங்க. புஸ்தகம் வந்ததும் எங்கண்ணன் வாசிக்கும் சார். — நாஜியா]