டிரைவர் சொன்ன முடிவு

"இன்னிக்கு நான் பாத்திரம் கழுவ மாட்டேன்க்கா!"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பஸ் டிரைவர் தம்பி வாசலில் நின்று சத்தம் போட்டார். கையில் ஒரு பை பழம், முகமெல்லாம் பல்.

எங்கள் வாசிப்புக் குழுவில் மொத்தமே நான்கு பேர். மாதக் கடைசி ஞாயிறு என் வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டதும் நாவலின் முடிவைப் பற்றிப் பேசுவோம். படித்து முடிக்காதவர் தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஏழு மாதமாகப் போகிறவர் டிரைவர் தம்பிதான். ஒரு முடிவைக்கூட அவர் மேசையில் உட்கார்ந்து பேசியதில்லை.

"நிஜமா முடிச்சியா, கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிட்டு வந்தியா?" என்றாள் என் நாத்தனார். கணக்கு டீச்சராக இருந்தவள்; யாரையும் லேசில் நம்பமாட்டாள்.

"ஒரு வரி விடல டீச்சர். டிப்போவுல உக்காந்து அழுதுட்டேன். வீட்ல ஏதாச்சும் ஆயிடுச்சான்னு கண்டக்டர் ஓடி வர்றான்!"

"அழுகை வரத்தான் செய்யும். எனக்கே வந்துச்சு," என்றார் பைண்டர் அண்ணன்.

இந்த மாத நாவல் ஒரே ஒரு பிரதிதான் கிடைத்தது. அவர்தான் அதை நாலு பாகமாகப் பிரித்து, ஓரம் வெட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பழுப்பு அட்டை போட்டுக் கொடுத்தார். ஒருவர் முடித்த பாகம் அடுத்தவருக்குப் போகும். டிரைவர் தம்பி கடைசி.

அன்று அவர் சூப்பை ஊதக்கூட இல்லை. அப்படியே குடித்துவிட்டு, என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் எப்போது சாப்பிட்டு முடிப்பேன் என்று.

"சரி, ஆரம்பி," என்றேன்.

"என்ன பொம்பளைக்கா அந்தத் தையல்காரி! ஆத்தோட போயிட்டான்னு ஊரே அழுது. பாத்தா, சிவப்புப் பெட்டியோட ரயில்லேருந்து இறங்கறா! நேரா வீட்டுக்கு வந்து தட்டறா. 'கதவைத் திற, நான்தான்!' அவ்ளோதான், கதை முடிஞ்சுது. எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு!"

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் படித்த கதையில் ஆற்றோடு போனவள் திரும்பவே இல்லை.

"யோவ், நீ எந்தக் கதையைப் படிச்ச?" என்றார் பைண்டர் அண்ணன்.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணி, கடைசி ரெண்டு பாகத்தையும் ஒரே பையில போட்டுக் கொடுத்தேன். நாலாவதை முதல்ல படிச்சிருக்கான்! அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றது மூணாவதுல. ஏன்டா, பக்க எண்ணைப் பாக்க வேணாம்?"

"எங்க டீச்சர் இருக்கு?"

டிரைவர் தம்பி பையிலிருந்து ஒரு பாகத்தை எடுத்து விரித்தார். எல்லோரும் குனிந்தோம். பக்கத்தின் அடியில் எண்ணே இல்லை.

பைண்டர் அண்ணன் தொண்டையைச் செருமினார். "ஓரம் கொஞ்சம் பிசிறா இருந்துச்சு... அழகா இருக்கட்டுமேன்னு..."

"அப்போ அவ செத்துட்டாளா?" என்றார் டிரைவர் தம்பி.

நாத்தனார் அந்தப் பாகத்தை மூடி வைத்தாள். அவர் மெதுவாக எழுந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். "பரவால்லக்கா. நான் இன்னும் முடிக்கலன்னுதானே அர்த்தம்."

"தட்டைக் கீழ வை தம்பி," என்றேன். "அவ எப்படிப் பொழச்சு வந்தான்னு நீ நினைச்ச? அதைச் சொல்லு முதல்ல."

அவர் கண் விரிந்தது. "படகுக்காரன்க்கா! அவன் மேல எனக்கு அப்பவே சந்தேகம். அவ பொணத்தை யாராச்சும் பாத்தாங்களா? சொல்லுங்க!"

நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "இரு, இரு. பொணம்... ஆமா, கிடைச்சதா எங்கயும் வரலையே!"

"தட்டை யாரு கழுவறது?" என்றார் பைண்டர் அண்ணன்.

"எண்ணை வெட்டினவர்," என்றாள் நாத்தனார்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். நான் எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

அதன்பிறகு யார் பேசினோம், யார் கேட்டோம் என்றே தெரியவில்லை. படகு, பெட்டி, அவள் தைத்து வைத்த கறுப்புச் சட்டை, எல்லாம் மேசை மேல் வந்து விழுந்தன. தண்ணீர் டம்ளர் சாய்ந்தது, துடைக்க ஆளில்லை. டிரைவர் தம்பி எழுந்து நின்று ரயிலை நிறுத்தி அவளை இறக்கிக்கொண்டிருந்தார்.

சமையலறைக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"கதவைத் திற, நான்தான்!"