நிலோஃபரின் கால்களுக்கு ஓர் உவமை

1

இந்தக் கதை ஒரு காலி இருக்கையிலிருந்து வந்தது. கும்பகோணம் தாண்டித் தஞ்சாவூர் போகிற பேருந்தில் ஒரு கணவனும் மனைவியும் நின்றுகொண்டே வந்தார்கள். பக்கத்திலேயே இரண்டு பேர் அமரும் இருக்கை காலியாகக் கிடந்தது. கண்டக்டர் சொல்லிப் பார்த்தார். "பரவால்லண்ணே" என்று சிரித்துவிட்டார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கீழே வருகிற பெயர், ஊர், பேச்சு எல்லாம் நான் கட்டியவை.

2

முதல் தொடக்கம்: "நிலோஃபரின் கால்களில் எறும்புகள் ஊர்ந்தன." அடித்துவிட்டேன். எறும்பென்றால் தட்டிவிட்டுப் போய்விடலாமே.

இரண்டாவது: "நோய் என்பது மனிதனுக்கு…" இந்த வாக்கியத்தை நான் முடிக்காமல் விட்டதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். நிலோஃபர் கும்பகோணத்துக்குக் கிழக்கே இருக்கும் குத்தாலத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகிச் சில வருடங்களில் ஒரு கண் மங்கியது. பிறகு பாதம் மரத்தது. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்றார்கள். நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் நோய். ஊசியும் மாத்திரையுமாக அதோடு வாழப் பழகிக்கொண்டாள்.

அவளால் பழக முடியாமல் போனது புதிதாக வந்த இன்னொன்றோடு. அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்தால் போதும், கெண்டைக்காலுக்குள் ஏதோ கிளம்பும். வலி இல்லை. எழுந்து நடந்தே ஆக வேண்டும் என்கிற ஒரு பிடுங்கல். நடந்தால் அடங்கும், உட்கார்ந்தால் திரும்ப வரும். பகலெல்லாம் நடக்க மாட்டேன் என்று சோர்ந்து கிடந்த கால்கள், பொழுது சாய்ந்ததும் உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்தன.

நோய் முற்றுகிறது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவன் பாசித்திடம் சுத்தமாகச் சொல்லவில்லை.

3

பாசித்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவனைக் கெட்டவனாக்கியிருந்தேன். மனைவிக்கு நோய் என்றால் கணவன் கைவிட வேண்டும் என்று பேனாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆனால் பேருந்தில் நின்ற அந்த மனிதரின் முகம் ஒத்துழைக்கவில்லை. அதனால் பாசித்தை லீவில் ஊருக்கு வரவழைத்தேன், கையில் குடும்ப விசாவோடு.

"நான் வரல மச்சான்," என்றாள் நிலோஃபர்.

"ஏன்?"

"வரலன்னா வரல."

விமானத்தில் பெல்ட்டைப் போட்டு உட்கார்வதை நினைத்தாலே அவளுக்குக் கால் பதறியது. அதைவிட, தெரியாத ஊரில் படுத்துவிட்டால் இவனுக்குத்தானே பாரம் என்கிற பயம். இது பாசித்துக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், சாயங்காலம் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் எழுந்து போகிறாள் என்பதுதான்.

4

தஞ்சாவூரில் வழக்கமாகப் பார்க்கும் நரம்பு மருத்துவரிடம் அந்த முறை பாசித்தும் கூடப் போனான். சாயங்கால நேரம். பாபநாசம் தாண்டியதும் அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எடம் இருக்குல்ல, உக்காரு."

"நிக்கிறேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒன்னு கேக்குறேன், மறைக்காம சொல்லு. எம்பக்கத்துல உக்காரவே புடிக்கலயா ஒனக்கு?"

[இந்த இடத்தில் ஒரு பக்கத்துக்கு அழுகை எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை, திகைத்துப்போனாள்.]

"என்ன மச்சான் பேசுறீங்க? காலு உக்கார விட மாட்டேங்குது. கொஞ்ச நாளாவே இப்படித்தான். நோவு ஏறிக்கிட்டு வருதுன்னு பயந்துபோயிச் சொல்லல."

"எங்கிட்டயுமா?"

"ஒங்ககிட்டதான் பயம்."

பாசித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான்.

"நீங்க ஏன் நிக்கிறீங்க?"

"சும்மாதான்."

5

மருத்துவர் ஓர் அம்மா. பொறுமையாகக் கேட்டார். "வலி இல்லைங்கிறீங்க. அப்ப எப்படி இருக்குது?"

நிலோஃபர் யோசித்தாள். "மேட்டூர் தொறந்து மொதத் தண்ணி வரும்ல டாக்டர்? காஞ்ச வாய்க்கால் வெடிப்புக்குள்ள எல்லாம் சளசளன்னு பூந்து போகுமே, அந்த மாதிரி. எலும்புக்குள்ள."

(எறும்பைத் தூக்கி எறிந்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று!)

மருத்துவர் கால்களைத் தட்டி, ஊசியால் தொட்டு, நடக்கவிட்டுப் பார்த்தார். "இதுக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்னு பேரு. எம்.எஸ். இருக்கிறவங்களுக்கு மத்தவங்களவிட அதிகமாவே வருது. ஆனா இது வந்ததுனால மட்டும் நோய் முத்திடுச்சுன்னு அர்த்தமில்ல. புதுசா பாதிப்பு எதுவும் எனக்குத் தெரியல. வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களா?"

"தூக்கம் வரட்டும்னு தும்மலுக்குப் போடுற மாத்திரை. மெடிக்கல்ல வாங்கி தினமும் போடுறேன்."

"அந்த வகையில சிலது இதைக் கிளப்பிவிடும். அதை விட்டுடுங்க. ரத்தத்துல இரும்புச்சத்தும் பாத்துடுவோம்."

இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. சிகிச்சை தொடங்கியது. பலன் உடனே தெரிந்துவிடாது என்று மருத்துவர் சொல்லியே அனுப்பினார். ஆனால் படியிறங்கும்போதே நிலோஃபர் சிரித்தாள்.

"அதுக்கு ஒரு பேரு இருக்கு மச்சான்!"

6

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருந்தன.

அ. அவள் மஸ்கட் போகிறாள். விமானத்தின் நடைபாதையில் இரண்டு பேரும் உலாத்துகிறார்கள்.

ஆ. பாசித் வேலையை விட்டு வந்து குத்தாலத்தில் கடை வைக்கிறான்.

இ. கால்கள் முழுக்கக் குணமாகிவிடுகின்றன. இதை மட்டும் நானே அடித்துவிட்டேன். அது பொய். சில சாயங்காலங்களில் அது இன்னும் வருகிறது. ஆனால் வராத சாயங்காலங்களே இப்போது அதிகம். அது வந்தாலும் முன்பு போல அவள் பயப்படுவதில்லை.

மற்ற இரண்டில் எதை எடுப்பது என்று தெரியாமல் நோன்புப் பெருநாளுக்கு முந்தைய சாயங்காலம் வரை கதையை இழுத்துக்கொண்டு வந்தேன். லீவு முடிந்து பாசித் மஸ்கட் திரும்பிவிட்டான். அவன் தங்கை மர்யம் மருதாணிக் கூம்போடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கைகளுக்குப் போட்டாயிற்று.

"மச்சி, காலுக்கும் போடவா? ஆடாம இருப்பீங்களா?" என்று அண்ணியைக் கேட்கிறாள்.

"போடு. பாப்போம்."

கொடியும் பூவுமாகப் பாதத்தில் ஏறுகிறது. நடுவில் ஒருமுறை வலது கால் வெடுக்கென்று உதறியதில் ஒரு கொடி கலைந்துவிட்டது. நிலோஃபர் மர்யமின் முகத்தைப் பார்த்தாள். மர்யம் கலைந்த இடத்தை விரலால் வழித்துவிட்டு அங்கே பெரிய இலையாக ஒன்று வரைந்தாள். "இதுதான் அழகா இருக்கு," என்றாள். இரண்டு பாதங்களும் நிறைந்துவிட்டன. நிலோஃபர் அவற்றை நீட்டி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

பாசித் போனில் வருகிறான். மர்யம் அதை அவள் காதில் வைக்கிறாள்.

"விசா இன்னும் இருக்கு. டிக்கெட் போடவா? இல்ல, நான் அங்க வந்துடவா? நீ சொல்றதுதான்."

நிலோஃபர் தன் பாதங்களைப் பார்க்கிறாள். "மருதாணி போட்டிருக்கேன் மச்சான். காயட்டும், சொல்றேன்."

அவளுக்குள் பதில் தயாராகிவிட்டது என்று நினைக்கிறேன். எனக்கு அவள் சொல்லவில்லை. மருதாணி காய எப்படியும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை அ-வா, ஆ-வா என்று யோசிக்க உங்களுக்கும் அவகாசம் இருக்கிறது.