உழாத கரை

ஓடைக்கு அந்தப் பக்கம் அண்ணன் நிலம், இந்தப் பக்கம் தம்பி நிலம். கல்யாணமான வருஷமே தம்பியின் மனைவி ஒரே பிடிவாதமாக நின்றாள்: உரமும் பூச்சிமருந்தும் தண்ணீரில் கலக்கக் கூடாது, கரையோரம் இருபதடி உழக் கூடாது. 'நிலத்தைக் கூட்ட வந்தவள் என்று நினைத்தேன், குறைக்க வந்திருக்கிறாளே' என்று கேலி செய்துகொண்டே தம்பியும் அவளோடு குனிந்து மரக்கன்று நட்டான். பதினோரு வருஷத்தில் அது தோப்பாகிவிட்டது.

அண்ணன் தண்ணீரின் விளிம்பு வரை உழுவார். மழைக்கு மழை அவர் கரை சரியும். ஓடை செம்மண்ணாய் ஓடும்.

இப்போது அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஓடையோரச் சாகுபடியை நிறுத்துகிறவர்களுக்கு வருஷாவருஷம் ஈட்டுத்தொகை. அண்ணனுக்கு உடனே அனுமதி வந்தது. தம்பியின் மனு 'பயன்படுத்தப்படாத நிலம்' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது.

"நல்லவனா இருந்ததுதான் தம்பி உன் தப்பு" என்று அண்ணன் சிரித்தார்.

தம்பியின் மனைவி அன்றே வேளாண்மை அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டார். கெடுத்தவர்கள் திருந்தத்தான் பணம், உங்களிடம் திருந்த என்ன இருக்கிறது என்று விளக்கினார். அவள் நகரவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு தடவை மரத்தை வெட்டிட்டு உழுதுடுங்கம்மா. ஒரு போகம் விதைச்சு போட்டோ எடுங்க. அடுத்த வருஷம் நிறுத்தறேன்னு மனு போட்டா கிடைச்சிடும்."

"இதை அப்படியே எழுதிக் குடுங்க சார்."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடி வைத்தார்.

"வாய்க்கு வர்றது கைக்கு வரலையா? சரி, நானே எழுதறேன்" என்றாள். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மேல்முறையீட்டில் எழுதி, முன்வரிசையில் இருந்த எழுத்தரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

வழியிலேயே போனில் கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அது தப்பாகப் போயிற்று. அவள் வீடு சேர்வதற்குள் அவன் டிராக்டரில் கலப்பையை மாட்டி, மரம் அறுக்கும் ரம்பத்தையும் ஏற்றிவிட்டிருந்தான். ஏறி உட்கார்ந்திருந்தவனின் முகம் கறுத்திருந்தது.

"ஊரே நம்மளைப் பார்த்துச் சிரிக்குது. கெடுத்தாத்தான் காசுன்னா, கெடுத்துட்டே வாங்கிக்கலாம்."

அவளுக்கும் அதே கோபம்தான். ஆனால் அந்தக் கோபம் மரத்தின் மேல் இல்லை. முத்திரை வைத்த நகலை ஸ்டியரிங்கின் மேல் விரித்து வைத்தாள். அவன் படித்தான். அதிகாரியின் வாக்கியம் வந்த இடத்தில் விரல் நின்றது.

"இதுக்கு அவங்க முப்பது நாள்ல பதில் சொல்லியாகணும். அதுவரைக்கும் கலப்பையைக் கழட்டுங்க."

"பதில் வரலைன்னா?"

"முப்பத்தோராம் நாள் இதே டிராக்டரை அவங்க வாசல்ல கொண்டுபோய் நிறுத்துவேன்."

அவன் தோப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு இறங்கி, கலப்பையை டிராக்டரோடு பிணைத்திருந்த கொண்டியை உருவினான்.

"உனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது" என்றான். "அன்னிக்கு நானே ஓட்டிட்டு வர்றேன்."