எருமைக்கு வலி பார்த்தது

எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் மாட்டின் வலியை மாட்டுக்காரர் உடம்பில்தான் பார்ப்பார்கள். மாடு வலியை மறைத்துவிடும். ஆகவே எருமை தீனி எடுக்காமல் நின்றபோது நான் குளித்துவிட்டுக் கிளம்பினேன்.

மாடுகளை நிறுத்தும் இரும்புச் சட்டத்துக்குள் என்னை நிறுத்தினார்கள். உதவியாளர் ஏசுவடியான் பின்பக்கக் கம்பியைப் போட்டார். எருமை வெளியே பெஞ்சருகே காத்திருந்தது.

டாக்டர் திலகவதி என் காதுகளைப் பார்த்தார். இமையை விரித்துப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லை, டாக்டர்."

"மறைக்குது," என்றார் ஏசுவடியானிடம்.

"சரி, வலிக்குது."

"சொல்ற அளவுக்கு வந்துடுச்சு. பாவம்."

ஏசுவடியான் முன்பக்கக் கம்பியையும் போட்டார்.

நான் பேசாமல் நின்றேன். அதுதான் ஆக மோசமான குறி என்றார்கள். கொஞ்சம் அசைந்தேன். அது மன உளைச்சலாம். வரும்போது ஒரு காளை நிற்கும் அகலம் இருந்த சட்டம் இப்போது என் தோள்களை உரசியது.

"எப்போ விடுவீங்க?"

"வலி போனதும்."

"எருமைக்கா, எனக்கா?"

"பிரிச்சுப் பார்க்கிற வசதி இங்கே இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில உண்டு."

வெளியே எருமை வைக்கோல் மெல்லும் சத்தம் கேட்டது.

"அதான் திங்குதே, டாக்டர்."

"ஆமா. அதை வீட்டுக்கு அனுப்பிடலாம்."

ஆள் அனுப்பி என் மனைவி பேச்சிக்கனியை வரவழைத்தார்கள். அவள் எருமையை அவிழ்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"வீட்டுல எப்படி இருக்கு?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

"இவுக தம்பி கிணத்துல விழுந்து போனதிலேருந்து இப்படித்தான். சுவரைப் பார்த்து நிப்பாக. கேட்டா ஒண்ணுமில்லம்பாக."

அவள் கம்பிக்கு நடுவே கையை விட்டு என் விலாவை அழுத்தினாள்.

"இங்கயா?"

"இல்லை."

கை மேலே நகர்ந்தது. "இங்கயா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தொண்டையிலிருந்து நீளமாக ஒரு குரல் வந்தது. நிறுத்த முடியவில்லை. எருமை தலையைத் தூக்கி அதே குரலில் பதில் கொடுத்தது.

பேச்சிக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கறக்குற நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு எருமையை ஓட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் தோள்வரை நீளும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"நல்லது," என்றார். "இனிதான் பார்க்க ஆரம்பிக்கணும்."