சாவிக்காரி வாசலில் உட்கார்ந்தாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றி நாலு பேர் ஆட உட்கார்ந்திருந்தோம். சுவரோரமாகச் சக்கர நாற்காலியில் அண்ணன். அவன் முன்னால் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி நிறுத்திய மறைப்பு. அவனுக்கு வலப்பக்கம், அடுப்பின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ள வசதியாக, அண்ணி. இடப்பக்கம் ஸ்பானர். அண்ணனோடு லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்த மெக்கானிக். அவருடைய நிஜப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பாள் என்பது அண்ணியின் கணிப்பு. அண்ணனுக்கு நேர் எதிரே, வாசல் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான்.

என் கைப்பைக்குள் ஒரு வேலை உத்தரவு இருந்தது. தூரத்து ஊரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. கையெழுத்திட்ட சம்மதம் மறுநாள் காலைத் தபாலில் போயாக வேண்டும்; தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அண்ணிக்குத் தெரியும். அண்ணனிடம் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்து, அத்தனை முறையும் மென்று விழுங்கினேன்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். கம்பெனிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள்தான் அண்ணன் விழுந்தான். அதற்கு ஈடாக அதே கட்டடத்தில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். புகார்களுக்குப் பதில் எழுதுவது. ‘தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று நாள் முழுக்க எழுதிவிட்டு, அந்தக் குழியின் மேல் தொங்கும் பெட்டியில் ஏறி இறங்குவேன். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வேன். அண்ணனைப் பொறுத்தவரை அது பத்திரமான வேலை, அவனுடைய பாப்பாவான நான் கண்ணெதிரே இருக்கிறேன்.

இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஸ்பானர். இதில் கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்வார், அவர்தான் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடியை விட்டு இறங்க முடியாத அண்ணன் ஒரு கோட்டை நகரத்தையே கட்டி ஆண்டான். அங்கே அண்ணி வைத்தியச்சி. நிஜத்தில் அடுத்தவர் ஆணியைக்கூடத் தொடாத ஸ்பானர் திருடன். நான், பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் சாவிக்காரி.

“சாவிக்காரி, விடிஞ்சாச்சு. என்ன பண்றே?” என்றான் அண்ணன்.

“ஊரை விட்டுப் போறா.”

“எதுக்கு?”

“வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு.”

அண்ணி மேசைவிரிப்பின் ஓரத்தை நீவ ஆரம்பித்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு மறைப்புக்குள் குனிந்துகொண்டான்.

“ராத்திரி நல்ல மழை. பாலம் இடிஞ்சு போச்சு.”

“படகுல போறா.”

“படகுக்காரன் காய்ச்சல்ல படுத்திருக்கான்.”

“பாலத்துக்கு ஜலதோஷம், படகுக்காரனுக்குக் காய்ச்சல்” என்றார் ஸ்பானர். “வைத்தியச்சி, உங்களுக்கு நல்ல வியாபாரம்!”

நான் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“வடக்கு வாசலுக்குப் போறேன்” என்றேன். ‘போறா’ என்பது எப்போது ‘போறேன்’ ஆயிற்று என்று தெரியவில்லை.

“பூட்டியிருக்கு.”

“நான் சாவிக்காரி அண்ணா.”

உருட்டினேன். இருபது. அதற்கு மேல் ஒரு எண் கிடையாது. ஸ்பானர் மேசையைத் தட்டி, “அடிச்சா பாரு தங்கச்சி!” என்று கூவினார்.

“பூட்டு திறந்துடுச்சு” என்றான் அண்ணன் மெதுவாக. “ஆனா கதவுக்குப் பின்னால சுவர் வெச்சு அடைச்சிருக்காங்க.”

“யாரு அடைச்சது?”

“யாரோ.”

“மாஸ்டர், இது அழுகுணி ஆட்டம்” என்றார் ஸ்பானர்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இந்த ஊர்ல நான் வெச்சதுதான் சுவர், நான் விட்டதுதான் வழி. வேற என்ன பண்றே பாப்பா? சொல்லு.”

என் கை கைப்பையின் மேல் இருந்தது. எதைச் சொன்னாலும் அவன் அடைப்பான். மழை அவனுடையது, ஆறு அவனுடையது, காய்ச்சல்கூட அவன் சொன்னால் வரும். ஒன்றே ஒன்றுதான் அவன் கையில் இல்லை: சாவிக்காரி என்ன செய்கிறாள் என்பது.

“சாவிக்காரி வாசல்ல உக்காந்துட்டா.”

“அப்புறம்?”

“உக்காந்திருக்கா.”

“மழை வருது.”

“நனையட்டும்.”

“ஒருத்தன் வந்து உன் சாவிக்கொத்தைப் பிடுங்குறான்.”

“எடுத்துக்கட்டும்.”

“உன் வீடு பத்தி எரியுது! புகை தெரியுது பாரு!”

“எரியட்டும் அண்ணா.”

அவன் நெற்றியில் வேர்வை அரும்பியது. ஏதாவது செய் என்று கெஞ்சும் கண்கள். கடைசியில், மறைப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கரகரத்த குரலில் சொன்னான்: “ஊருக்குள்ள இருந்து ஒருத்தன் உன்னைக் கூப்பிடுறான். அவனால நடந்து வர முடியாது. அங்கேயிருந்தே கூப்பிடுறான்.”

சாவிக்காரி எழுந்துவிட்டாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் பாலம் தானாகக் கட்டிக்கொள்ளும், படகுக்காரனுக்குக் காய்ச்சல் விட்டுவிடும், நானும் நாளைக்கு அந்தப் பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன்.

“கேக்குது” என்றேன். “கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கா.”

அடுப்பில் ஏதோ தீய்ந்தது. அண்ணி எழுந்திருக்கவில்லை.

“வைத்தியச்சி போய் அவ பக்கத்துல உக்காந்துட்டா” என்றாள்.

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்ங்க.”

“திருடனும் உக்காந்துட்டான்” என்றார் ஸ்பானர், தலையைச் சொறிந்துகொண்டே. “எல்லாரும் வாசல்ல இருந்தா உள்ள யார்கிட்ட திருடுறது?”

அண்ணன் மறைப்பைத் தள்ளினான். அது சரிந்து விழுந்தது. அந்தப் பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பெரிய தாளில் கோட்டை நகரம். சந்து சந்தாக, வீடு வீடாக, என் பட்டறையின் ஜன்னல் வரைக்கும் வரைந்திருந்தான். மதிலுக்கு வெளியே வெறும் வெள்ளைத் தாள்.

“வெளியே ஒண்ணுமே வரையல பாப்பா” என்றான். “உக்காந்து உக்காந்து பாத்தேன். வரல.”

நான் மேசையைச் சுற்றி அவனிடம் போக எழுந்தேன். கையை உயர்த்தித் தடுத்தான்.

“சுவர் இல்லை. கதவு திறந்திருக்கு. போ.”

“அண்ணா, நான் சொல்றதை…”

“சாவிக்காரி போயாச்சு. போனவ பேசக் கூடாது. அதான் ஆட்டம்.” மற்ற இருவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினான். “ஊர்ல ரெண்டு பேர் மிச்சம். வைத்தியச்சி, என்ன பண்றே?”

அண்ணி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, “உள்ள ஒருத்தர் கூப்பிட்டாரே, அவரைப் பாக்கப் போறேன்” என்றாள்.

மூவரும் இருந்த மேசையில் நான் இல்லாதவள் ஆனேன். கைப்பையைத் திறந்தேன். அலமாரியின் மேல் சம்மதத் தாளை வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். பேனா இரண்டு முறை நழுவியது. ஒரு கடிதத்தில் என் பெயரை இத்தனை கோணலாக நான் எழுதியதில்லை. மடித்து, முகவரி எழுதி வைத்திருந்த உறையில் இட்டு, விளிம்பில் பசை தடவி அழுத்தினேன். கண்ணீரைத் துடைத்த விரலால் தொட்டதில் முகவரியில் ஓர் எழுத்து கலங்கிவிட்டது. அதன் மேல் மறுபடி எழுதினேன்.

வாசல் கதவைத் திறக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஸ்பானரின் குரல் கேட்டது. “மாஸ்டர், காத்து அடிக்குது. திருடன் போய் அந்த வடக்கு வாசலைச் சாத்திட்டு வரட்டுமா?”

நான் நிலைப்படியிலேயே நின்றேன்.

“வேண்டாம்” என்றான் அண்ணன். “கிடக்கட்டும்.”

வீட்டுக் கதவைச் சாத்தாமல் படியிறங்கினேன். மூன்றாம் மாடி வரைக்கும் அவன் குரல் கேட்டது. வைத்தியச்சி நடந்து போகும் தெருவை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்கவில்லை. தெருமுனைத் தபால் பெட்டியின் வாயில் உறையை நுழைத்து, கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றேன். விரலை எடுத்தேன். அது அடியில் போய் விழுந்தது.